உண்மைக் குற்றங்களும் சின்னத்திரைக் கதைகளும்

"இக்கதை உண்மைச் சம்பவம் ஒன்றைத் தழுவியது, பெயர்களும் இடங்களும் மாற்றப்பட்டுள்ளன." இரவு நேரத் தொலைக்காட்சி நாடகமொன்றின் தொடக்கத்தில் இவ்வறிவிப்புத் தோன்றியதும் பார்த்துக்கொண்டிருப்போர் சற்று நிமிர்ந்து உட்காருவர். கற்பனைக் கதைக்குக் கிட்டாத கவனம் இந்த ஒரு வரிக்குக் கிட்டிவிடுகிறது. கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் வீதியில் உள்ள புளத்கொகுபிட்டியவிலும், அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர் தோட்டங்களிலும் நிலைமை இதுவே. பகல் முழுவதும் மலையில் நின்றுவிட்டு லயன் அறைக்குத் திரும்புவோருக்கும், கடையைப் பூட்டி இஷாத் தொழுகையையும் முடித்துக்கொண்டு வீடு வருவோருக்கும் எஞ்சியிருக்கும் பொழுதுபோக்குகளில் தொலைக்காட்சி முதன்மையானது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் இந்நாட்டில் ஒளிபரப்பைத் தொடங்கின. 1998இல் சக்தி வந்தது. கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள் ஏறியபின் தமிழகத்து அலைவரிசைகளும் இந்தி அலைவரிசைகளும் மலையகத்தின் அன்றாட விருந்தாளிகளாயின. அவற்றோடு குற்றக் கதைகளும் வந்தன.

இத்தகைய நாடகங்களைப் பார்ப்பது தவறு என்று கூறுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஒரு வழக்கு நாடகமாக மாறும்போது அதிலிருந்து எவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன, எவை கைவிடப்படுகின்றன என்பதை விளக்குவதே இதன் நோக்கமாகும். பொதுவாக, குற்றமும் குற்றவாளியும் தண்டனையும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஐயமும் காலமும் உயிருடன் இருப்போரும் கைவிடப்படுகின்றனர். இவ்வாறு கைவிடப்படுவதால் நேரும் பாதிப்பு எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதுமில்லை. பெருநகரில் வாழும் பெரும்பான்மையினத்தவரைவிட, ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் வாழும் சிறுபான்மையினத்தவரே இதற்கு அதிக விலை கொடுக்க நேரிடுகிறது.

நடந்த கொலையைக் கதையாக்கி விற்பது தொலைக்காட்சி கண்டுபிடித்த தொழில் அன்று. தமிழகத்தில் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் 'கொலைச் சிந்து' என்ற பெயரில் சிறு பிரசுரங்கள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. ஊரை உலுக்கிய கொலை ஒன்று நடந்த சில நாட்களிலேயே அது மெட்டமைக்கப்பட்டுப் பாட்டாகிவிடும். கொன்றவர் பெயர், கொல்லப்பட்டவர் பெயர், சாதி, ஊர் அனைத்தும் அதில் இருக்கும். பாட்டைக் கேட்டு அழுதவர்கள் சில அணாக்களுக்குப் புத்தகத்தையும் வாங்கிச் சென்றனர். எனினும் சிந்துப் பாட்டின் வீச்சு பாடுபவரின் குரல் எட்டும் தூரந்தான். தொலைக்காட்சியின் வீச்சுக்கு அத்தகைய எல்லை இல்லை. மறு ஒளிபரப்புக்கும் முடிவில்லை.

இன்றைய வடிவத்துக்கு வழி காட்டியது அமெரிக்காவின் 'லோ அண்ட் ஓர்டர்' என்ற தொடர் எனலாம். 1990 செப்டெம்பரில் என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கி 2010 வரை ஓடிய இத்தொடர் 2022இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து நேரடியாகப் பறித்தெடுத்த கதைகள் என்பதே அதன் விளம்பரம். அதேவேளை, இக்கதை எந்த உண்மை மனிதரையும் குறிப்பதன்று என்ற மறுப்பும் திரையில் காட்டப்பட்டது. உண்மை என்று கூறி விற்பதும், உண்மையன்று என்று கூறிச் சட்டத்திலிருந்து தப்புவதும் ஒரே கையால் நடைபெற்றன. இந்தச் சாமர்த்தியம் ஒருமுறை நீதிமன்றத்தில் சிக்கலுக்குள்ளானது. நியூயோர்க்கில் நீதிபதி ஒருவரின் ஊழல் விவகாரத்தையொட்டிச் செய்திகளில் அடிபட்ட இந்திய வம்சாவளிச் சட்டத்தரணி ரவி பத்ரா, 2003இல் ஒளிபரப்பான ஒரு பாகத்தில் 'ரவி பட்டேல்' என்ற வழுக்கைத் தலைச் சட்டத்தரணி இலஞ்சம் கொடுப்பவராகச் சித்திரிக்கப்பட்டதைக் கண்டு அவதூறு வழக்குத் தொடர்ந்தார். பெயர், இனம், தோற்றம் ஆகியவற்றின் ஒற்றுமையால் பார்வையாளர் அவரை அடையாளம் கண்டிருக்கக்கூடும் என்பதனால், வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட 2008இல் நீதிமன்றம் மறுத்தது. பாதிப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்பது அங்கே ஓரளவு ஏற்கப்பட்டது.

இந்தியாவில் சோனி தொலைக்காட்சியின் 'கிரைம் பட்ரோல்' 2003இல் தொடங்கியது. தமிழில் சன் தொலைக்காட்சியின் 'நிஜம்', விஜய் தொலைக்காட்சியின் 'குற்றம் நடந்தது என்ன' ஆகிய நிகழ்ச்சிகள் செய்தியையும் நடிப்பையும் கலந்து தந்தன. செய்தி எங்கே முடிகிறது, நடிப்பு எங்கே தொடங்குகிறது என்பது பின்னணி இசையின் இரைச்சலில் பல வேளைகளில் தெரியாமற் போய்விடும்.

இனி நமது மாவட்டத்துக்கே வருவோம். கேகாலை மாவட்டத்திலிருந்து பிறந்து அதிகம் சொல்லப்பட்ட குற்றக் கதை உத்துவன்கந்தை சரதியலின் கதையாகும். மாவனல்லைக்கு அருகே கொழும்பு - கண்டி வீதியை நோக்கி எழும் அக்குன்றைத் தனது மறைவிடமாகக் கொண்டு, கோப்பி யுகத்தில் அவ்வீதியால் சென்ற வண்டிகளைக் கொள்ளையிட்ட சரதியல், சிங்களத் திரைப்படங்களிலும் நாடகங்களிலும் பாடல்களிலும் செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு வழங்கிய வீரனாக வாழ்ந்துகொண்டிருக்கிறான். குன்றின் அடிவாரத்தில் அவனது பெயரில் மாதிரிக் கிராமமொன்று அமைக்கப்பட்டு, சுற்றுலாப் பயணிகளின் பார்வைக்காகச் சிலைகளும் வைக்கப்பட்டுள்ளன.

வழக்கின் வரலாறு இவ்வளவு இலகுவானதன்று. 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் சரதியல் தங்கியிருந்த வீட்டைப் பொலிஸார் சுற்றிவளைத்தனர். அப்போது நடைபெற்ற துப்பாக்கிப் பிரயோகத்தில் சபான் என்ற கான்ஸ்டபிள் உயிரிழந்தார். அவர் மலாய் முஸ்லிம். இலங்கையில் கடமையின்போது உயிர்நீத்த முதலாவது பொலிஸ் உத்தியோகத்தராக அவரே கருதப்படுகிறார். ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் திகதி பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூரப்படுவது இதனாலேயே. அவரைச் சுட்டவர் சரதியலின் நெருங்கிய தோழரான மம்மாலே மரைக்கார். அவரும் ஒரு முஸ்லிம். சரதியலும் மரைக்காரும் கண்டியில் விசாரிக்கப்பட்டு, அதே ஆண்டு மே 7ஆம் திகதி தூக்கிலிடப்பட்டனர்.

இந்த விபரங்களில் எதனை வைத்துக்கொண்டு எதனை விடுவது என்பதில்தான் கதாசிரியரின் கை தெரிகிறது. மரைக்காரை மட்டும் காட்டினால், சிங்களக் கொள்ளையனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியுடன் நின்ற முஸ்லிம் கொலையாளி என்ற படிமம் உருவாகும். சபானை மட்டும் காட்டினால் அரசுக்காக உயிர்கொடுத்த முஸ்லிம் வீரர் என்ற படிமம் உருவாகும். இருவரையும் நீக்கிவிட்டால் அது சிங்கள வீரன் ஒருவனுக்கும் வெள்ளைக்கார அரசுக்கும் இடையிலான போராட்டமாகச் சுருங்கிவிடும். உண்மையில் நடந்தது என்னவெனில், சிங்களவரும் சோனகரும் சேர்ந்து ஒரு கொள்ளைக் கூட்டமாக இயங்கினர். அவர்களைப் பிடிக்கச் சென்ற அணியில் மலாயர் இருந்தனர். குற்றத்திலும் கடமையிலும் இனங்கள் கலந்தே நின்றன. அன்றைய மாவனல்லைச் சமூகத்தைப் பற்றி இதைவிட அதிகம் கூறக்கூடிய செய்தி வேறில்லை. இருந்தும் வீரக் கதைக்கு அது தேவைப்படுவதில்லை. வழியில் பொருளையும் உயிரையும் இழந்த வண்டிக்காரர்களின் பெயர்களை இன்று யார் அறிவர்? அவர்களுக்கு மாதிரிக் கிராமம் இல்லை.

நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்திய வழக்கில் உயிருடன் புண்படுவோர் எவருமில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆகவே, நம் பெற்றோர் காலத்து வழக்கொன்றைப் பார்ப்போம்.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு தமிழ்ப் பெண் தமது வீட்டில் கொலையுண்டு கிடந்தார். உடல் வாகனக் கொட்டகையில் காணப்பட்டது. கழுத்தின்மீது மர உரலொன்று வைக்கப்பட்டிருந்தது. அன்றே கைது செய்யப்பட்டவர் அவரது கணவர் மகாதேவ சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவரும், 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணியை எதிர்த்த இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அக்காலத்தில் அவரைப் போன்று மட்டையை வீசியவர் இல்லை என்று கூறுவோர் பலர். புகழ்பெற்ற வீரர், முறிந்துகொண்டிருந்த திருமணம், அழகிய வீடு, தலைமறைவான வேலைக்காரர் என ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வேண்டிய அனைத்தும் அவ்வழக்கில் இருந்தன. பிடிபட்ட வேலைக்காரர், எசமானே கொலை செய்தார், தாம் உதவினேன் என்று கூறி, நிபந்தனையுடன் கூடிய மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் குற்றவாளி யார் என்பதில் பார்வையாளருக்கு ஐயமே எழாது.

ஆனால் வழக்கு இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. அன்று முற்பகல் சதாசிவம் வாடகைக் காரொன்றில் வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தார். மரணம் அவர் புறப்படுமுன் நிகழ்ந்ததா, புறப்பட்டபின் நிகழ்ந்ததா என்பதே முழு வழக்கினதும் அச்சாணியாக விளங்கியது. உடலின் வெப்பநிலை, இரைப்பையில் இருந்த உணவின் நிலை முதலியவற்றைக் கொண்டு மரண நேரத்தைக் கணிப்பதில் மருத்துவ நிபுணர்கள் வேறுபட்டனர். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் எதிரி தரப்புக்காக வந்து சாட்சியமளித்தார். எதிரிக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விசாரணை நடைபெற்று, 1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரிகள் ஏகமனதாகச் சதாசிவத்தைக் குற்றமற்றவர் என்று அறிவித்தனர். அதற்குள் அவர் ஏறத்தாழ இருபது மாதங்களைச் சிறையில் கழித்திருந்தார்.

57 நாட்கள் நீடித்த அந்த விசாரணையை 45 நிமிடங்களுக்குள் அடக்க முயலும் ஓர் இயக்குநரை நினைத்துப் பாருங்கள். இரைப்பையில் செரித்தும் செரியாமலும் இருந்த உணவைப் பற்றி நிபுணர்கள் நாட்கணக்கில் வாதிட்டதை அவர் காட்டப்போவதில்லை. காட்டினால் பார்வையாளர் அலைவரிசையை மாற்றிவிடுவர். எனவே கணவனும் மனைவியும் சண்டையிடும் ஒரு காட்சியைச் சேர்ப்பார். அந்தச் சண்டையை எவரும் கண்டதில்லை. எந்தச் சாட்சியும் கூறியதில்லை. ஆயினும் திரையில் கண்டபின் அது நினைவில் நின்றுவிடும், ஜூரிகளின் தீர்ப்பு நினைவில் நில்லாது. சதாசிவம் விடுதலையானபின் 24 ஆண்டுகள் உயிர் வாழ்ந்து 1977இல் காலமானார். அந்த 24 ஆண்டுகளும் அவரைப் பற்றிய பேச்சு இரு தலைப்புகளில்தான் நடந்தது. ஒன்று அவரது துடுப்பாட்டம், மற்றையது நீதிமன்றம் அவர்மீதிருந்து நீக்கிவிட்ட பழி. அவரது பிள்ளைகளும் அதே பேச்சின் நடுவில்தான் வளர்ந்தனர்.

பழைய வழக்கிலாவது தீர்ப்பு உண்டு. அண்மைக் காலத் தயாரிப்புகள் தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. இதன் ஆபத்தை உணர்த்த 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் நிகழ்ந்த சம்பவம் ஒன்றே போதும். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. முதலில் பாடசாலை மாணவர் ஒருவரும் குடும்பஸ்தர் ஒருவரும் கைது செய்யப்பட்டனர். மரபணுப் பரிசோதனையில் இருவருக்கும் தொடர்பில்லை என்று தெரியவந்து விடுவிக்கப்பட்டனர். அடுத்துப் பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சிகள் அவரது பட்டப்பெயரை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசென்றன. அவரது மரபணுவும் பொருந்தவில்லை. இறுதியில் பொருந்தியது அவரது சகோதரருடைய மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்கே மரண தண்டனை விதித்தது.

இச்சம்பவத்தை முதல் வாரத்தில் நாடகமாக்கியிருந்தால் கொலையாளி ஒரு பாடசாலை மாணவர். மூன்றாம் வாரத்தில் ஆக்கியிருந்தால் கொலையாளி பட்டப்பெயர் கொண்ட அந்த மனிதர். இரண்டும் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியவை' என்ற அறிவிப்புடனேயே வந்திருக்கும். விஞ்ஞானம் திருத்திய தவறைத் திரைக்கதை திருத்துமா? ஒளிபரப்பான பாகத்தை எவரும் மீளப் பெறுவதில்லை.

பெயர் மாற்றும் விடயத்துக்கு வருவோம். தமிழ், முஸ்லிம் வாசகர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. நமது நாடுகளில் பெயர் என்பது வெறும் அடையாளக் குறியன்று. அது இனத்தையும் மதத்தையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. ஆகவே ஒரு பெயரை நீக்கி இன்னொரு பெயரை இடும் எழுத்தாளர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குற்றத்தை ஒரு சமூகத்திலிருந்து எடுத்து இன்னொரு சமூகத்தின் வாசலில் வைக்கிறார். 2022இல் டில்லியில் தம்முடன் வாழ்ந்த இளம் பெண்ணைக் கொன்று உடலைத் துண்டாடியதாக ஓர் இளைஞர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயர் முஸ்லிம் பெயர். கொல்லப்பட்டவர் இந்துப் பெண். அவ்வாண்டின் இறுதியில் 'கிரைம் பட்ரோல்' தொடரில் இதனையொத்த பாகமொன்று ஒளிபரப்பானது. அதில் கொலையாளி இந்துவாகவும் கொல்லப்பட்டவர் கிறிஸ்தவராகவும் பெயரிடப்பட்டிருந்தனர். பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அக்கதை வேறொரு பழைய சம்பவத்தைத் தழுவிய கற்பனை என்று கூறிய தொலைக்காட்சி நிறுவனம், 2023 ஜனவரியில் வருத்தம் தெரிவித்து அப்பாகத்தின் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது.

எதிர்த்தவர்களில் பலருக்கு அரசியல் நோக்கம் இருந்தது என்பது மறைக்க முடியாதது. அந்தத் துயரச் சம்பவத்தையே ஒரு சமூகத்துக்கு எதிரான பிரசாரமாக்க முயன்றவர்களும் அவர்களுள் இருந்தனர். எனினும் ஒரு நியாயமான வினாவை ஒதுக்கிவிட முடியாது. முஸ்லிம் ஒருவர் செய்ததாகக் கூறப்படும் குற்றத்தை இந்துவின் பெயரில் காட்டுவது சரியென்றால், இந்து ஒருவரது குற்றத்தை முஸ்லிம் பெயரில் காட்டுவதை எந்த முகத்துடன் கண்டிப்பது? எமது கருத்தில், குற்றத்துக்கும் மதத்துக்கும் தொடர்பில்லாதபோது இரண்டுமே தவறு. மதம் வழக்கின் ஒரு பகுதியாக இருந்தால் அதை உள்ளபடி கூறவேண்டும். இல்லையெனில், எந்தச் சமூகத்தின் தலையிலும் விழாத பெயரைத் தேடும் சிரமத்தை எழுத்தாளர் ஏற்கவேண்டும்.

இலங்கையில் இச்சிரமம் இருமடங்கு அவசியமானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து வந்த வாரங்களில், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று சிங்களப் பத்திரிகையொன்று முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய வைத்தியர் ஒருவர் மறுநாளே கைதானார். அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இரண்டு மாதங்களின்பின் அவர் பிணையில் வெளிவந்தார், பின்னர் சேவைக்கும் மீள அழைக்கப்பட்டார். இது நாடகமன்று, செய்தி. ஆனால் செய்தியே நாடகத்தின் இலக்கணத்தைப் பின்பற்றியது. வில்லன் முதலில் வந்தார், சாட்சிகள் பின்னர் தேடப்பட்டனர்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நன்று. இவ்விடயத்தில் தென்னாசியா முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒரு தமிழக வழக்கிலிருந்து பிறந்தது. ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஓட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முற்பட்டது. உயர் அதிகாரிகள் சிலரின் தொடர்புகள் அதில் இருப்பதாகக் கூறப்பட்டதால் சிறைத்துறை தடுக்க முனைந்தது. 1994 ஒக்டோபர் 7ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் இது: ஒவ்வொருவருக்கும் தம்மைத் தனியே விட்டுவிடுமாறு கோரும் உரிமை உண்டு, அவர் அனுமதியின்றி அவரது குடும்பம், திருமணம் முதலியன பற்றி எவரும் எழுதலாகாது. ஆனால் நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளவற்றை அனுமதியின்றியும் வெளியிடலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு, பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு உள்ளான பெண்ணின் பெயர். அரச அதிகாரிகள் தமது கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தரங்க உரிமையைக் கேடயமாக்க முடியாது என்றும், வெளியீட்டுக்கு முன்னரே அரசு தடை போட முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2019இல் அவரது பெயரிலேயே இணையத் தொடரொன்று வெளியானது.

இந்தத் தீர்ப்பு வரைந்த கோடு பொருத்தமானது. நீதிமன்றத்தில் கூறப்பட்டது பொதுச் சொத்து. கூறப்படாத படுக்கையறைச் சண்டையும் அடுப்பங்கரை அழுகையும் குடும்பத்தின் சொத்து. இயக்குநர்கள் கற்பனையால் நிரப்புவதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியைத்தான்.

இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. 1995இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவு பெயரை மட்டும் குறிப்பிடவில்லை. அடையாளம் தெரியவரக்கூடிய எந்த விபரமும் அதற்குள் அடங்கும். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் அவதூறுக்காகக் குடியியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரும் வழி திறந்தே உள்ளது. தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்று கொழும்பு சென்று தொலைக்காட்சி நிறுவனமொன்றுக்கு எதிராக அவ்வாறு வழக்காடப் போகிறதா என்பது வேறு விடயம்.

உண்மை வழக்கை எடுத்துக்கொண்டு நேர்மையாகச் செய்தவர்களும் உளர். வசந்த ஒபேசேகரவின் 'தடயம' என்ற சிங்களத் திரைப்படம் 1983இல் வெளிவந்தது. காதலித்துக் கைவிட்ட பெண்ணை வாகனத்தால் மோதிக் கொன்ற ஒரு பழைய வழக்கே அதற்கு மூலம். அவ்வழக்கு 1962இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒபேசேகர பெயர்களை மாற்றினார், காலத்தை மாற்றினார். ஆனால் கதையைக் கொலையாளியின் சாதுரியத்திலிருந்து எடுத்து, ஏமாற்றப்பட்டுக் கர்ப்பிணியாகிப் போராடிய பெண்ணின் பக்கம் வைத்தார். ஸ்வர்ணா மல்லவாராச்சியின் நடிப்பை இன்றும் பேசுகின்றனர். படம் பார்த்தவர்கள் அந்தக் கொலையை எப்படிச் செய்தான் என்று வியக்கவில்லை. அவள் ஏன் தனித்து விடப்பட்டாள் என்றே கேட்டனர். இந்தியாவில் 2012 டில்லி பஸ் சம்பவத்தை வைத்து ரிச்சி மேத்தா இயக்கி 2019இல் வெளியான 'டெல்லி கிரைம்' தொடரும் கொடூரத்தைக் காட்டாமலேயே விசாரணையின் நாட்களைக் காட்டியது; 2020இல் சர்வதேச எமி விருதையும் பெற்றது. பொலிஸ் தரப்பிலிருந்தே அனைத்தையும் பார்க்கிறது என்பது அதன் குறை.

நம் பக்கத்து வழக்கொன்று நாளை படமாகலாம். தெரணியகலை நூரித் தோட்டத்தின் அத்தியட்சகர் 2013 ஜூலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். பிரதேச சபையின் அன்றைய தலைவர் உட்பட 18 பேருக்கு 2016இல் அவிசாவளை மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கத்தி, அரசியல்வாதி, அடியாட்கள், மழை பெய்யும் மலை என்று காட்சிகளுக்குக் குறைவிராது. அத்தோட்டத்தின் லயன்களில் வாழ்ந்த தொழிலாளர்கள் அந்தச் சூழலில் எவ்வாறு வேலைக்குச் சென்றனர், யாரிடம் முறையிட அஞ்சினர் என்பது திரைக்கதைக்குள் வருமா என்பதே சந்தேகம். வந்தாலும் பெயர்களை மாற்றுவதால் பயன் என்ன? கொழும்பில் பார்ப்பவருக்கு அது ஏதோ ஒரு தோட்டம். புளத்கொகுபிட்டியவிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் பார்ப்பவருக்கு எந்தத் தோட்டம், எந்த லயன், யாருடைய மகன் என்பது முதற் காட்சியிலேயே தெரிந்துவிடும். பெயர் மாற்றம் அந்நியரிடமிருந்து மறைக்கும். அயலவரிடமிருந்து எதையும் மறைக்காது. தண்டனை பெற்றவரின் பிள்ளையும் கொல்லப்பட்டவரின் உறவினரும் மறுநாள் காலை அதே பஸ்ஸில்தான் ஏறவேண்டியுள்ளது.

நாடகங்கள் பெரும்பாலும் தீர்ப்புடன் அல்லது தூக்குக் கயிற்றின் நிழலுடன் முடிவடைகின்றன. இலங்கையில் 1976 ஜூனுக்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. புங்குடுதீவு மாணவியின் கொலை வழக்கில் 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூவர் கொண்ட விசேட நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தபோது தொலைக்காட்சிகள் நேரலையாகப் பரபரத்தன. அதன்பின் வழக்கு மேன்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தவணைகள், ஒத்திவைப்புகள், மீண்டும் தவணைகள். கமராக்கள் கலைந்து சென்ற பின்னரும் இத்தகைய வழக்கொன்றில் நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இரு தரப்புக் குடும்பத்தினரும் சட்டத்தரணிகளுமே.